மன்மதன் ஒரு பட்டியலில், ரதி இன்னொன்றில்

(உதகமண்டலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘மேடையை விட்டு இறங்கிய இசை நாடகங்கள்’ என்ற பொருளில் பேசக் கேட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகளையும் மதுரை ஸ்பெஷல் நாடகங்களையும் எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது இந்த நீலகிரியின் தேயிலைக் காலனிகளுக்குக் கடல் தாண்டி வந்து சேர்ந்த காமன் கூத்தைப் பற்றி. அதற்கு முன் சிறிது நேரம் வியன்னா வரை போய்வருவோம். ஒரு நாடகம் ஏன் ஆடப்படாமல் போகிறது என்ற கேள்விக்கு நம் ஊரில் உடனே கிடைக்கும் பதில் ‘காலம் மாறிப்போச்சு, ஜனங்களுக்கு ரசனை போச்சு’ என்பதுதான். அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல வியன்னா உதவும்.

1921 டிசம்பர் 23 அன்று வியன்னாவின் கார்ல் தியேட்டரில் ‘டி பயாதேரே’ (தேவதாசி) என்ற ஆப்பரெட்டா அரங்கேறியது. ஆப்பரெட்டா என்பது வசனம், பாட்டு, ஆட்டம், கோமாளித்தனம் எல்லாம் கலந்த இசை நாடகம். நம் கம்பெனி நாடகத்துக்கு ஒன்றுவிட்ட பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். இசை எம்மெரிஷ் கால்மான். பாட்டும் வசனமும் யூலியஸ் பிராம்மர், ஆல்ஃபிரட் கிரூன்வால்ட். கதாநாயகன் லாகூர் இளவரசன், பெயர் ராட்ஜாமி. பாரிஸ் நாடக அரங்கில் தேவதாசி வேடம் கட்டிப் பாடும் ஓடெத் என்ற பிரெஞ்சுப் பாடகிமேல் அவனுக்குக் காதல். லாகூரில் 1849-க்குப் பிறகு சிங்காசனமே கிடையாது, ஆங்கிலேயர் பஞ்சாபைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். வியன்னாக்காரர்கள் அதற்காகக் கவலைப்படவில்லை. முழுக்க முழுக்க வியன்னாவில் தைத்த இந்தியா அது. வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும், அப்போது புதிதாக வந்திருந்த ஷிம்மி நடனமும் அதில் உண்டு. மறு வருஷமே நியூயார்க்கில் ‘யாங்கி பிரின்சஸ்’ என்ற பெயரில் ஆடினார்கள்.

ஐரோப்பியருக்கு நம் தேவதாசிகள்மேல் ஏன் இத்தனை மோகம் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஜெர்மன் கவி கதே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஒரு தேவதாசியை வைத்துக் கதைப்பாடல் எழுதிவிட்டார். நிஜமான தேவதாசிகளை அவர்கள் தங்கள் ஊர் மேடையில் பார்த்தது 1838-இல். கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரத்திலிருந்து ஒரு குழு கப்பலேறிப் போய் பாரிசிலும் லண்டனிலும் ஆடியது. அதில் அமனி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். அமனியின் கதையைத் தனியே ஒரு நாள் பேச வேண்டும். இன்று இவ்வளவு போதும்.

‘பயாதேரே’ நன்றாகவே ஓடியது. அப்புறம் என்ன ஆயிற்று? கார்ல் தியேட்டர் 1929-இல் மூடப்பட்டது. 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். கால்மானும் அந்த இரு எழுத்தாளர்களும் யூதர்கள். நாஜிகளின் ஆட்சியில் அவர்களுடைய படைப்புகளுக்கு மேடை கிடையாது. கால்மான் பாரிஸ் போய் அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தப்பினார். கிரூன்வால்ட் நியூயார்க்கில் 1951-இல் காலமானார். பிராம்மர் தெற்கு பிரான்சில் ஒதுங்கி 1943-இல் இறந்தார். போரில் குண்டு விழுந்த கார்ல் தியேட்டர் கட்டடத்தை 1951-இல் இடித்தே விட்டார்கள். பாட்டுக் கட்டியவர் ஒரு கண்டத்தில், எழுதியவர்களில் ஒருவர் இன்னொரு கண்டத்தில், ஆடிய மேடை மண்ணோடு மண்ணாக. ரசனை மாறியதால் நேர்ந்ததா இது?

நியாயமாக ஒரு மறுப்பு எழலாம். அதே கால்மானின் ‘சார்தாஷ் ராணி’யும் ‘மரிட்சா சீமாட்டி’யும் போருக்குப் பின் திரும்பி வந்து இன்றுவரை ஜெர்மன் மொழி மேடைகளில் ஆடப்படுகின்றன, அதே தடையைத்தானே அவையும் சந்தித்தன? உண்மைதான். அந்த இரண்டின் பாட்டுகளும் தடைக்கு முன்பே ஊர் ஊராகப் பாடகர்கள் வாயில் ஏறியிருந்தன. தடை நீங்கியதும் வாய் திறந்தால் போதும். ‘பயாதேரே’யின் தலைமைப் பாத்திரங்களுக்கு ஏறக்குறைய ஆப்பரா அளவுக்குக் குரல் வேண்டும், அதனால் ஆடியவர்கள் குறைவு. இது என் கணிப்பு. அதற்கு ஒரு சாட்சியும் உண்டு: தடை எட்டாத ரஷ்யாவிலும், கால்மானின் சொந்த நாடான ஹங்கேரியிலும் ‘பயாதேரே’ மேடையை விட்டு முழுதாக இறங்கவே இல்லை. லாகூர் இளவரசன் அங்கே சௌக்கியமாக இருந்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பயாதேரே’ இசைக்குறிப்பாக அச்சில் இருந்தது. அதனால்தான் தொண்ணூறு ஆண்டு கழித்து கொலோன் வானொலி இசைக்குழு, ரிச்சர்ட் பானிங் நடத்த, அதை முழுமையாக ஒலிப்பதிவு செய்ய முடிந்தது. காகிதத்தில் இருப்பது தூங்கலாம். காமன் கூத்துக்கு அந்த வசதி இல்லை.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். காமன் கூத்து தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள்கட்டிக் கொண்டுபோன கங்காணிகளின் பின்னே இலங்கை மலையகத்துக்குப் போனது. அங்கே பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு, காமன் கூத்து என்ற மூன்றும் தோட்டத்து மக்களின் நாடக மேடையாயின. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் நடுவார்கள். கரும்பு, ஆமணக்குக் கொம்பு, வைக்கோற்பிரி, வறட்டி இவைதான் அதற்கு வேண்டியவை. பௌர்ணமி வாக்கில் அதைக் கொளுத்துவார்கள். நடுவில் இரவுதோறும் ஆட்டம். இந்தியாவிலும் சரி இலங்கையிலும் சரி, மாசி மலையில் கொழுந்து குறைந்த காலம். வேலை மட்டாக இருக்கும் பத்துப் பன்னிரண்டு இரவுகளைப் பார்த்து இந்தக் கூத்து உட்கார்ந்திருப்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தட்சன் வேள்வியில் சதியை இழந்த சிவன் தவத்தில் அமர்கிறார். சூரபத்மன் கொடுமை தாங்காமல் தேவர்கள் தவிக்கிறார்கள். சிவனுக்கு மகன் பிறந்தால்தான் விடிவு. அதற்குத் தவம் கலைய வேண்டும். இந்திரன் ஓலை அனுப்பி மன்மதனை ஏவுகிறான். மன்மதன் மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவனுக்கு உயிர் திரும்புகிறது.

இதைப் புராணமாகச் சொன்னால் ஐந்து நிமிஷம். கூத்தில் ஓர் இரவு முழுக்க வேண்டும். எதற்கு அத்தனை நேரம் என்பதற்கு ஒரு கட்டத்தை மட்டும் சொல்கிறேன். ஓலைத் தூதன் வருகிறான். நேராக மன்மதனிடம் வந்து நீட்டிவிட மாட்டான். சபையைச் சுற்றி வருவான், சின்னப் பிள்ளைகளை விரட்டுவான், இங்கே மன்மதன் வீடு எது என்று கூட்டத்தில் கங்காணியைப் பார்த்துக் கேட்பான், சிரிப்பு அடங்கும்வரை நிற்பான். தப்புப் பறை அவன் காலுக்கு அடிக்கிறதா, அவன் கால் தப்புக்கு விழுகிறதா என்று பிரிக்க முடியாது. ஓலை கைமாறியதும் அடி மாறிவிடும். ரதிக்குப் புரிந்துவிட்டது. கெட்ட கனவு கண்டேன், போகாதீர்கள் என்று அவள் தடுக்கிறாள். இந்திரன் சொல்லைத் தட்டலாமா என்று அவன் மறுக்கிறான். இருவரும் எதிரெதிர்ப் பாட்டாக மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். அவள் ஒரு காரணம் சொன்னால் அவன் ஒரு பதில் சொல்ல வேண்டும், அதே மெட்டில். பாடத் தெரிந்தவர்கள் இருந்தால் இந்த வாதம் மணிக்கணக்கில் போகும். தஞ்சைப் பக்கத்தில் இந்த வாதமே லாவணியாகத் தனிக்கலை ஆகிவிட்டது: மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி, டேப் அடித்துக்கொண்டு விடிய விடிய வாதாடுவார்கள்.

இப்போது இந்தக் கூத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். ஈடுகொடுத்துப் பாடும் ஒரு ரதி, ஒரு மன்மதன். இருவரும் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். ரதி வேடமும் ஆண்தான் கட்டுவார். தூதன், இந்திரன், சிவன், வீரபத்திரன், காளி, எமன், குறவன் குறத்தி. தப்பு அடிப்பவர்கள். எல்லாப் பாட்டையும் மனத்தில் வைத்து வரிசை தவறாமல் எடுத்துக்கொடுக்கும் ஒரு மாஸ்டர். மலையகத்தில் வாத்தியாரை மாஸ்டர் என்றே சொல்வார்கள். கம்பம் நட ஒரு காமன் பொட்டல். செலவுக்கு லயம் என்ற வரிசைக் குடியிருப்பு வீடுகளின் வரி, கங்காணி அல்லது தலைவரின் கைக்காசு. இவர்கள் எல்லோரும் நடந்து போகும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். பகலில் மலையில் வேலை செய்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு வருபவர்கள் அல்லவா!

1964 அக்டோபர் 30 அன்று டில்லியில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைப் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. எண்ணிக்கை எழுதியது அரசுகள். மனு எழுதியது குடும்பங்கள். இந்தியாவா இலங்கையா என்று லயத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக முடிவெடுத்தது, சில வீடுகளுக்குள்ளேயே அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம். யாருடைய விண்ணப்பம் எப்போது முடியும் என்பதும் அவரவர் தலையெழுத்து. ஒரே தோட்டத்துக் கூத்துக் கோஷ்டியில் மன்மதன் 1970-இல் கப்பலேறலாம், ரதி 1980-இல் ஏறலாம், அல்லது ஏறாமலே போகலாம். தப்புக்காரர் அங்கேயே தங்கிவிடலாம். கூத்து எந்தப் பட்டியலிலும் இல்லை.

மலையிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் சேர்ந்து அழுததால் அந்தப் பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் பதிவு, அங்கிருந்து எங்கே அனுப்புகிறார்களோ அங்கே. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் வனத்துறை நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. நம் வாயில் டேன்டீ. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கோத்தகிரி, குன்னூர், குந்தா என்று பிரிவு பிரிவாக மக்களைக் குடியமர்த்தினார்கள். அட்டனிலிருந்து வந்தவரும் பதுளையிலிருந்து வந்தவரும் இரத்தினபுரியிலிருந்து வந்தவரும் ஒரே வரிசை வீடுகளில். அவரவர் தோட்டத்து மெட்டு வேறு, வரிசை வேறு. யார் மாஸ்டர் என்பதிலேயே முதல் சண்டை.

இத்தனைக்குப் பிறகும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக் காலனிகளில் கம்பம் நட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். கரும்பைக் கீழ்நாட்டிலிருந்து வாங்கிவந்து நட்டார்கள். புது மண்ணில் முதலில் கோயில் கட்டினார்கள், அடுத்துக் காமன் பொட்டலுக்கு இடம் பார்த்தார்கள். அந்தத் தலைமுறையின் மன உறுதியைப் பற்றி நான் உபந்நியாசம் செய்ய வேண்டியதில்லை. அவர்களில் சிலர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் கூத்து ஏன் தேய்ந்தது? சினிமா, டிவி என்று சொல்வது சுலபம். மலையகத்திலும் சினிமா இருந்தது, கூத்தும் இருந்தது. இங்கே நடந்ததை அருகில் போய்ப் பாருங்கள். டேன்டீயில் ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். மாஸ்டர்கள் ஓய்வு வயதில்தான் முழுப் பாடமும் அறிந்தவர்களாக ஆகிறார்கள். சரியாக அந்த நேரத்தில் அவர்கள் மகன் வேலை பார்க்கும் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ச் சேர்கிறார்கள். இளைஞர்கள் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு எடுத்து வருவார்கள், ஒத்திகைக்கும் ஆட்டத்துக்கும் வாரக்கணக்கில் வர முடியுமா? பிள்ளைகளுக்கு மாசி, பங்குனி பரீட்சை மாதம். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடை. தப்புக்கு மைக் வேண்டாம், ஆனால் மைக் இல்லாமல் விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை இன்று யாருக்கு இருக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலே யானை. பந்தலூர்ப் பக்கம் பொழுது சாய்ந்தபின் அடுத்த லைனுக்கு நடந்து போவதே உயிர்ப் பயம் என்றால், மூன்று மைல் தள்ளியிருக்கும் தூதன் எப்படி வருவான்?

தப்பு விஷயத்தை வெளிப்படையாகவே பேச வேண்டும். அந்தத் தோலைத் தொட்டால் சாதி ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் பழக்கிவைத்திருந்தது. படித்த பிள்ளைகள் அதைத் தூக்கிப் போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்த மலையிலேயே இதற்கு இணையான ஒரு செய்தி உண்டு. படகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர்கள் வந்து கொள், கொம்பு, தப்பட்டை வாசிப்பது நெடுங்கால வழக்கம். 1930-களில் கோத்தர் இசை இனி வேண்டுமா என்று படகர் ஊர்களில் இரண்டு கட்சியானது. கைகலப்பு வரை போனதை அமெரிக்க மானிடவியலாளர் மண்டல்பாம் பதிவு செய்திருக்கிறார். வேண்டாம் என்ற கட்சி மெல்ல வென்றது. ஆனால் கோத்தர் இசை அழியவில்லை. தங்கள் ஏழு ஊர்களிலும் தங்கள் கடவுளுக்கும் தங்கள் இறந்தோருக்கும் இன்றும் அவர்கள் வாசிக்கிறார்கள். ரிச்சர்ட் உல்ஃப் என்ற ஆய்வாளர் அதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆதரித்தவர் கைவிட்டும் கோத்தர் இசை பிழைத்ததற்குக் காரணம், வாசிப்பவர்கள் கலையவில்லை. ஊர் அதே ஊர், திருநாள் அதே திருநாள். காமன் கூத்துக்கு ஆதரவு குறையவில்லை. இன்றும் காசு கேட்டால் திருப்பூரிலிருந்து ஜி-பேயில் அனுப்புகிறார்கள். ஆட்கள்தான் ஓரிடத்தில் இல்லை.

இன்று பல இடங்களில் நடப்பது என்ன? கம்பம் நடுகிறார்கள், ரதியும் மன்மதனும் வேடம் கட்டி வீடு வீடாக வருகிறார்கள், கடைசி நாள் கொளுத்துகிறார்கள். நடுவே இருந்த இரவுகள் உதிர்ந்துவிட்டன. சடங்குக்கு இவ்வளவு போதும். நாடகத்துக்குப் போதாது. அந்த எதிரெதிர்ப் பாட்டு, தூதனின் சேட்டை, குறவன் குறத்தி எல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது ஒரு நெருப்பு.

விழா மேடைகளில் பத்து நிமிஷம் கொடுத்து நாட்டுப்புறக் கலையை வாழவைப்பதாகச் சொல்கிறார்கள். கரகத்துக்கும் தப்பாட்டத்துக்கும் அது ஓரளவு உதவியது. கூத்துக்கு அது உதவாது. வாதம் சூடேறவே அரைமணி நேரம் வேண்டும். பத்து நிமிஷத்தில் மன்மதனை எரித்துவிடலாம், ரதியை அழவைக்க முடியாது.

இவ்வளவு சொன்னபின் என்னதான் செய்யலாம் என்று கேட்பீர்கள். வியன்னா ஆப்பரெட்டாவைக் காப்பாற்றியது அச்சிட்ட குறிப்பு என்றேன். நம்மிடம் அதற்கு நேரானது மாஸ்டர்களின் நோட்டுகள். பழைய கணக்குப் புத்தகங்களிலும் பள்ளிக்கூட நோட்டுகளிலும் பென்சிலால் எழுதிய பாட்டு வரிசைகள். இரும்புப் பெட்டியோடு கப்பலேறி வந்தவை. அவை எரவாணத்திலும் பரணிலும் இருக்கின்றன. நோட்டு மட்டும் இருந்தால் மெட்டு தெரியாது. மெட்டு தெரிந்தவர் இருந்தால் நோட்டில் விட்டுப்போன வரி தெரியும். இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். பதிவு செய்யும்போது நல்ல பாட்டாகப் பொறுக்கி எடுக்காதீர்கள். கூத்தின் வரிசையில், கம்பம் நடும் பாட்டிலிருந்து உயிர்ப்பு வரை, இடையில் வரும் வசனத்தோடும் தப்பின் அடி மாறும் இடங்களோடும் பதிவு செய்யுங்கள். இரண்டு தோட்டத்து மெட்டு வேறுபட்டால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், இரண்டையும் பதியுங்கள்.

ஒவ்வொரு காலனியும் ஒவ்வொரு வருஷமும் முழுக் கூத்து ஆட வேண்டும் என்பதும் இனி நடவாத காரியம். வருஷத்துக்கு ஒரு காலனி முறைவைத்து எடுத்துக்கொண்டால், மற்ற காலனிகளின் நடிகர்கள் அங்கே கூடலாம். யானைப் பயமில்லாத இடமாகப் பார்த்து, வேன் வைத்து அழைத்துவந்து, ஒரு சனிக்கிழமை இரவாவது விடிய விடிய. ரதி வேடத்தைப் பெண்கள் கட்டக் கூடாதா என்று ஒரு மாணவி இடைவேளையில் கேட்டார். விரதம், காப்பு என்று பெரியவர்கள் தயங்குவார்கள். என்னைக் கேட்டால், பாடத் தெரிந்த பெண் இருந்து பாடத் தெரிந்த ஆண் இல்லாத காலனியில் இந்தக் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசி அமாவாசைக்கு முன் உங்கள் காலனியில் யாரிடம் நோட்டு இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் போதும், வெளிச்சம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பென்சில் எழுத்து ஃபிளாஷில் மறைந்துவிடும். எழுதியவர் பெயரையும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதையும் முதல் பக்கப் படத்தோடு குறித்துவையுங்கள். வேலை முடிந்ததும் நோட்டை அன்றைக்கே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.